இருப்பில் கன்று ஒன்று

வெள்ளோடை டவுன் பஞ்சாயத்தில் வேலை பார்த்தவர்கள் இரண்டு ஜாதி. ஒன்று சிப்பந்தி, இன்னொன்று சில்லறை. இதைப் பிறப்பால் வரும் ஜாதியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று மானேஜர் எம்பார் அடிக்கடி சொல்வார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிப்பந்திப் பட்டியலில் எல்லா ஜாதிக்காரர்களும் இருந்தார்கள், ஒரு ஜாதியைத் தவிர. சில்லறைப் பட்டியலில் அந்த ஒரு ஜாதியைத் தவிர வேறு யாரும் இல்லை. மற்றபடி இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

சிப்பந்தி என்றால் நாற்காலி, லீவு, இன்க்ரிமென்ட், பென்ஷன், செத்தால் ஆபீஸ் செலவில் ஒரு மாலை. சில்லறை என்றால் சில்லறைச் செலவினம். பட்ஜெட்டில் அந்தத் தலைப்பின் கீழ் துடைப்பம், பிரம்புக் கூடை, பினாயில், சுண்ணாம்பு, தோட்டி என்று வரிசையாக வரும். பினாயில் தீர்ந்தால் பினாயில் வாங்குவார்கள். தோட்டி தீர்ந்தால் தோட்டி வாங்குவார்கள்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடந்தால் வருகிற அந்த ஊருக்கு அப்போது நல்ல காலம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. வீட்டு வரி, தொழில் வரி, லாரி நிறுத்தும் கட்டணம் என்று பஞ்சாயத்துக்கு வரவு கொட்டியது. கொட்டிய வரவில் தலைவருக்கு ஜீப் வாங்கினார்கள். ஜீப்புக்கு ஷெட் போட்டார்கள். ஷெட்டுக்குத் திறப்பு விழா நடத்தினார்கள். விழாவுக்கு வந்த கூட்டம் அசிங்கம் பண்ணிவிட்டுப் போனதைச் சில்லறைகள் அள்ளினார்கள். ஊரில் இருந்த எடுப்புக் கக்கூஸ்களில் ஒன்றைக்கூட அந்தப் பணம் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கிற இடமா அது?

கிரேஸ் ஏழு வருஷமாகச் சில்லறை. அது அவளுக்கே தெரியாது. தான் பார்ப்பது கவர்மென்ட் வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் சூரியன் ஏறுவதற்குள் பெரிய தெருவின் பின் சந்தில் நுழைந்து, ஒவ்வொரு வீட்டுப் புழக்கடையிலும் தகரத்தைத் தூக்கி, சுரண்டி, கூடையில் போட்டு, தலையில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் குழிக்குப் போவாள். மழைக் காலத்தில் கூடை ஒழுகும். எங்கே ஒழுகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவள் புருஷன் வரதன் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் இரும்பு சுமந்தான். இரண்டு பேருக்கும் சுமைதான் பிழைப்பு.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, வலி கண்ட அன்று காலை வரைக்கும் அவள் கூடையை இறக்கவில்லை. குழிக்குப் போகிற வழியில் வேலியோரமாக உட்கார்ந்தவளைச் சின்னப்பொண்ணு என்கிற கூட்டாளிதான் பார்த்து ஆள் கூப்பிட்டாள். பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. மறுவாரமே கிரேஸ் கூடையைத் தூக்கிவிட்டாள், இல்லாவிட்டால் வேறு தோட்டி வாங்கிவிடுவார்கள் என்று பஞ்சாயத்து மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார். மூன்று வருஷம் கழித்து இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். இந்தப் பிள்ளை உயிரோடு வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டுமானாலும் செய்வது என்று முடிவு கட்டியிருந்தாள். அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை மானேஜர் எம்பாரின் ஜன்னலுக்கு வெளியே போய் நின்று லீவு கேட்டாள்.

எம்பார் நல்ல மனிதர். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் பார்க்கிற குடும்பம், ஒருவரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கிரேஸிடமும் உயர்த்தவில்லை. ஜன்னலுக்கு உள்ளே இருந்தபடி விளக்கமாகச் சொன்னார்.

"லீவுங்கறது சிப்பந்திக்குத்தாம்மா. நீ சில்லறை. இதுல எனக்கு உன்மேல என்ன துவேஷம்? இதோ இருக்கே பினாயில் டின், இதுமேல எனக்குத் துவேஷம் உண்டா? அந்த மாதிரிதான் நீயும்."

"பினாயிலு புள்ள பெக்காது சாமி" என்றாள் கிரேஸ்.

"அதான் சொல்றேன். பெத்தா என்ன பண்றதுன்னு ரூல்ல இல்லை."

அவள் அன்றைக்குத்தான் தான் யார் என்று தெரிந்துகொண்டாள். ஆனால் நகரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போனாள், அதற்கு அடுத்ததும் போனாள். வயிறு முன்னால் வர வர, ஆபீஸுக்குள் இருந்தவர்களுக்கு அது பேஜாராக இருந்தது. கடைசியில் விஷயம் நிர்வாக அதிகாரி தேவராஜனிடம் போயிற்று.

தேவராஜன் படித்தவர். மெட்ராசில் பணியாளர் நிர்வாகம் பற்றி இரண்டு வார வகுப்புக்குப் போய்விட்டு வந்து, அங்கே கொடுத்த சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மேஜைக்கு எதிரில் மாட்டியிருந்தார். 'பணியாளரே நிறுவனத்தின் செல்வம்' என்று அதன் கீழே அவரே எழுதி ஒட்டியிருந்தார். கிரேஸின் விஷயத்தை அவர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் ரூல் புத்தகங்களைப் புரட்டினார். மூன்றாம் நாள் முகம் மலர்ந்து எம்பாரைக் கூப்பிட்டார்.

வழி கிடைத்துவிட்டது. பஞ்சாயத்துக்குச் சொந்தமான குப்பை வண்டி, அதை இழுக்கிற மாடுகள். அந்த மாடுகள் சிப்பந்தி இல்லை, ஆனால் துடைப்பமும் இல்லை. அவற்றுக்கு 'உயிருள்ள தளவாடம்' என்று தனித் தலைப்பு இருந்தது. நோய் கண்டாலோ சினைப்பட்டாலோ உயிருள்ள தளவாடத்துக்கு ஓய்வு தரலாம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே ரூல் போட்டு வைத்திருந்தார்கள். கிரேஸைச் சில்லறையிலிருந்து எடுத்து உயிருள்ள தளவாடத்தில் வைத்துவிட்டால் சட்டப்படியே ஓய்வு கொடுத்துவிடலாம். இதை ஒரு பதவி உயர்வு என்றே சொல்லலாம் என்று தேவராஜன் எம்பாரிடம் சொன்னார். எம்பாரும் ஒப்புக்கொண்டார்.

அதற்கு ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் வேண்டும். மாட்டு டாக்டரிடமிருந்து.

வரதன் அதைக் கேட்டதும் ஆபீஸைக் கொளுத்தப் போவதாகக் கிளம்பினான். கிரேஸ்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆபீஸைக் கொளுத்தினால் புள்ள பிழைச்சுக்குமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவளுக்கு அவமானம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலியோரம் அவளோடு இன்னும் அப்படியே இருந்தது, அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு சேங்கன்றுக்கும் இரண்டு வெள்ளாட்டுக்கும் பின்னால் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் மாட்டு டாக்டர் மாடு எங்கே என்று கேட்டார். பஞ்சாயத்துக் கடிதத்தை நீட்டினாள். அவர் படித்தார், மறுபடி படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார்.

"இது மாட்டாஸ்பத்திரிம்மா. பொன்னேரிக்குப் போ, அங்க லேடி டாக்டர் இருக்காங்க."

"அங்க ஒடம்பக் காட்டிக்கினுதான் வரேன் சார். அவங்க குடுக்குற காயிதம் எங்க ஆபீசுல செல்லாதாம். நீங்க குடுக்குறதுதான் செல்லுமாம்."

டாக்டர் கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். சர்ட்டிபிகேட் பாரத்தை எடுத்தார். இனம் என்ற இடத்தில் பேனாவை வைத்தார், ஒன்றும் எழுதாமல் கோடு போட்டார். நிறம், கொம்பு என்ற இடங்களிலும் கோடு போட்டார். 'ஈனும் தருவாயில்' என்பதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். வெளியே வரைக்கும் வந்து, வெயிலாக இருக்கிறது, பஸ்ஸில் போ என்றும் சொன்னார். இந்தக் கதையில் வெட்கப்பட்ட உத்தியோகஸ்தர் அவர் ஒருவர்தான். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெட்கப்பட்டார்.

ஓய்வு கிடைத்தது. மாட்டுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் சம்பளம் நின்றது. ஆனால் ரூலில் உள்ளதைக் குறைக்கப் பஞ்சாயத்து என்ன கல் நெஞ்சமா? வாரம் ஒரு முறை ஆபீஸ் பியூன் சைக்கிளில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு காலனிக்கு வந்து கிரேஸின் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். கடலைப் பிண்ணாக்கும் தவிடும். முதல் மூட்டையை வரதன் எட்டி உதைத்தான். காலனிக்காரர்கள் கூடிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. கிரேஸ் சிதறிய பிண்ணாக்கை முறத்தில் அள்ளி, பால் மாடு வைத்திருந்த மணியம்மாளிடம் கொடுத்துப் பதிலுக்குப் பால் வாங்கிக்கொண்டாள். பஞ்சாயத்துப் பிண்ணாக்கு எப்படியோ அவள் வயிற்றுக்குள் பாலாகப் போயிற்று.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. உயிரோடு பிறந்தது. பெண். தொண்டை கிழிய அழுதது. அந்த அழுகையைக் கேட்டு கிரேஸ் அழுததை நர்ஸ் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, பெண்ணானால் என்னம்மா என்று தேற்றினாள். ரோசம்மாள் என்று பேர் வைத்தார்கள். அது வரதனின் செத்துப்போன அம்மா பேர். ஓய்வு முடிந்ததும் கிரேஸ் மறுபடி கூடையைத் தூக்கினாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் வருஷம் தவறாமல் ஆடிட் வரும்.

ஆடிட்டுக்கு வந்தவர் கெட்டிக்காரர். பிண்ணாக்குச் செலவில் ஒரு மாடு கூடுதலாகத் தின்றிருப்பதைப் பிடித்துவிட்டார். எந்த மாடு என்று தேடிப்போனவருக்கு மாட்டு டாக்டரின் சர்ட்டிபிகேட் அகப்பட்டது. ஒரு மனுஷிக்கு எதற்கு மாட்டு சர்ட்டிபிகேட் என்று அவர் கேட்கவில்லை. ஆடிட்டில் அப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள். தலைப்புக்குத் தலைப்பு செலவு சரியாக இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை. செலவு சரியாக இருந்தது. வரவில்தான் தப்பு. உயிருள்ள தளவாடம் ஈன்றால் கன்று பஞ்சாயத்துக்குச் சொந்தம் என்பது ரூல். கன்றை இருப்பில் ஏற்றியிருக்க வேண்டும், அல்லது ஏலம் விட்டிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. கன்று எங்கே?

கன்று அப்போது காலனியில் புடவைத் தூளியில் விரல் சப்பிக்கொண்டிருந்தது.

ஆட்சேபணைக்குப் பதில் சொல்லப் பஞ்சாயத்தின் அவசரக் கூட்டம் கூடியது. கிரேஸைப் பிள்ளையோடு வரச் சொல்லியிருந்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. மீட்டிங் ஹாலின் கதவுக்கு வெளியே, செருப்பு கழற்றுகிற இடத்தில், அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே தலைவர் சுப்பராம நாயுடு எழுந்தார். அந்த வட்டாரத்தில் அவருக்கு இளகின மனசுக்காரர் என்று பேர்.

"ஏலம் கீலம்னு பேசாதீங்க நைனா, மனசு கேக்கல" என்று ஆரம்பித்தார். "நான் இவங்கள வேத்து ஆளா நெனச்சதே இல்ல. எங்க ஊட்டு மாட்ட எப்டிப் பாத்துக்குறேனோ அப்டித்தான் பாத்துக்குறேன். சொல்லப் போனா மாட்டக்கூட ரெண்டு அடி அடிக்கிறோம். இவங்கள நான் ஒரு நாளாச்சும் கையால தொட்டிருப்பேனா? கேட்டுப் பாருங்க."

மெம்பர்கள் கைதட்டினார்கள். தலைவரின் யோசனை இதுதான்: கன்றை ஏலம் விட வேண்டாம், இருப்பில் ஏற்றிக்கொள்ளலாம். வளருகிற வரைக்கும் தாயிடமே இருக்கட்டும், அதற்கு வாடகைகூடக் கேட்க வேண்டாம். வளர்ந்ததும் கூடையைக் கையில் கொடுத்துவிடலாம். அடுத்துத் தேவராஜன் எழுந்து, இதில் உள்ள நிர்வாக நுட்பத்தை மெம்பர்களுக்கு விளக்கினார்.

"கும்மிடிப்பூண்டியில கம்பெனிக்காரங்க இன்னிக்கு ஆள் கெடைக்காம அலையறாங்க. நாம பாருங்க, பதினெட்டு வருஷம் கழிச்சு வரப்போற காலியிடத்தை இன்னிக்கே நிரப்பிட்டோம். பால் குடிக்கிறப்பவே போஸ்டிங். பணியாளர் திட்டமிடல்னா இதுதான். நான் போன வகுப்புல இவ்வளவு தூரம் சொல்லித் தரல."

மறுபடி கைதட்டினார்கள். கதவுக்கு வெளியே நின்றவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஒரு பெண் தன் பிள்ளையை உயிரோடு பெறுவதற்காக மாடாகவும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தலை குனிந்தாள். இவர்கள் அந்தக் குனிந்த முதுகின்மேல் அந்தப் பிள்ளையையும் தூக்கி வைக்கிறார்கள், அதற்குக் கைதட்டல் வேறு.

தீர்மானம் நிறைவேறியது. இருப்பில் ஏற்றுவதற்கு ஒரு கைரேகை வேண்டும். யாருடையது என்று விவாதம் வந்தது. புதிய இருப்பு யாரோ அவருடையதுதான் என்று தேவராஜன் தீர்ப்புச் சொன்னார். எம்பார் பெரிய நோட்டையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கதவோரம் வந்தார்.

பிள்ளை இடது கையை இறுக மூடி வைத்திருந்தது.

கட்டை விரலை நீட்டச் சொல்லு என்றார் எம்பார். கைப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கிரேஸ் நின்றாள். விரித்துவிடு என்றார். விரித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். எம்பாரே விரித்திருக்கலாம். ஆனால் அவர் எப்படித் தொடுவார், குளித்துவிட்டு வந்திருக்கிறார். ஆகவே மேஜையிலிருந்து கோடு போடுகிற உருட்டு ரூல் தடியை எடுத்து வந்து, அதன் நுனியால் அந்தப் பிஞ்சு விரல்களை நெம்பினார். பிள்ளை தடியைப் பிடித்துக்கொண்டது. எம்பார் இழுத்தார். பிள்ளை விடவில்லை. மெம்பர்கள் எட்டிப் பார்த்தார்கள். பியூனைத் தொடச் சொன்னார்கள். பியூன், தான் சிப்பந்தி என்றும், இது தன் வேலையில் வராது என்றும் சொல்லி நகர்ந்துகொண்டான்.

"ஏ கிரேஸு, நீயே விரிச்சு வெச்சுடேன், நாழியாறது" என்று எம்பார் கெஞ்சினார்.

"நான் விரிச்சா நான் வெச்சதா ஆயிடும் சாமி" என்றாள் கிரேஸ். "அது வெக்க மாட்டேங்குது. பேருலயே ரோசம் இருக்குது, இன்னா பண்றது."

பிள்ளையின் விரல்களிலிருந்து தடியை மெல்ல எடுத்து நோட்டின்மேல் வைத்தாள். பிறகு யாரிடமும் உத்தரவு கேட்காமல் படியிறங்கிப் போனாள்.

நிர்வாகம் என்று ஒன்று இருந்தால் இதைச் சும்மா விட முடியாது. தலைவர் முன்னிலையில், மெம்பர்கள் பார்க்க, பஞ்சாயத்தின் உத்தரவை ஒருத்தி மீறியிருக்கிறாள், அதுவும் வேலையில் சேருவதற்கு முன்பே. தேவராஜன் ஆத்திரத்தோடு சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். மறுநாள் பியூன் கொண்டுவந்து கொடுத்த உறையை வரதன் எழுத்துக் கூட்டிப் படித்தான். செல்வி வ. ரோசம்மாள் அவர்களுக்கு. தாங்கள் கைரேகை வைக்க மறுத்தது கீழ்ப்படியாமை ஆகும். தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டியது. அதுவரை தாங்கள் தற்காலிகப் பணி நீக்கம் செய்யப்படுகிறீர்கள்.

கிரேஸ் 'தாங்கள்' என்ற இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள். ஏழு வருஷத்தில் அந்த ஆபீஸ் அவளை அப்படி ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து எம்பார் சைக்கிளை மிதித்துக்கொண்டு காலனிக்கே வந்தார். காலனி ஆரம்பிக்கிற இடத்தில், கருவேல மரத்தடியில், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டு ஆளைக் கூப்பிட்டு அனுப்பினார். இப்படி வேர்த்து அவரை யாரும் பார்த்ததில்லை. கிரேஸ் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த மெமோவைத் திருப்பிக் குடுத்துடும்மா. தப்பு நடந்துடுத்து."

"இன்னா தப்பு சாமி?"

ஆடிட்காரர் பார்த்துவிட்டார் என்று எம்பார் சொன்னார். பஞ்சாயத்துச் சட்டப்படி மெமோவும் சஸ்பென்ஷனும் சிப்பந்திக்குத்தான் உண்டு. ஒருத்தருக்கு மெமோ கொடுத்தால் அவர் சிப்பந்தி என்று பஞ்சாயத்தே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சஸ்பெண்ட் ஆன சிப்பந்திக்கு விசாரணை முடிகிற வரைக்கும் பாதிச் சம்பளம் தர வேண்டும். அந்தப் பாதி கிரேஸ் வாங்கிக்கொண்டிருந்த முழுக்கூலியைவிட அதிகம். தூளியில் கிடக்கிற பிள்ளைக்கு மாசா மாசம் படியளந்துவிட்டு, விசாரணைக்கு அது பேசக் கற்றுக்கொள்ளும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

"அப்ப மெமோ வாங்குனா சிப்பந்தி ஆயிடலாமா சாமி?"

"துடைப்பத்துக்கு மெமோ குடுக்க முடியுமா? தப்புப் பண்றதுன்னா மனுஷாளாலதான் முடியும். நீங்கள்லாம் எங்க தப்புப் பண்ணினேள்? ஏழு வருஷமா நீ ஒரு நாள் மட்டம் போட்டதுண்டா? அதனாலதான் இந்தக் கேள்வியே வரல" என்று, புகழ்ந்து பேசினால் காகிதத்தைக் கொடுத்துவிடுவாள் என்று எண்ணி, எம்பார் உருக்கமாகச் சொன்னார்.

காயிதத்தை எலி கடிச்சிடுச்சு சாமி என்றாள் கிரேஸ். அது ஜாக்கெட்டுக்குள் மடித்தபடி இருந்தது. எம்பார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்று மாலையே சில்லறைப் பட்டியலில் இருந்த மற்ற எட்டுப் பேரையும் கூட்டி வைத்துச் சொன்னாள். சின்னப்பொண்ணுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் முகம் கோணிக்கொண்டது.

"அப்ப இத்தினி வருசமா ஒயுங்கா வேல செஞ்சோமே, அதான் தப்பா? அதுக்குத்தான் தொடப்பத்தோட சேத்து எய்துனானுங்களா?"

"அதான். நாளைக்கி நாம தப்புப் பண்ணப் போறோம்" என்றாள் கிரேஸ்.

மறுநாள் காலையில் ஒன்பது பேரும் பெரிய தெருவுக்குப் போகவில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூடையையும் துடைப்பத்தையும் எதிரில் அடுக்கி வைத்தார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. வேலைக்குப் போங்கள் என்று மேஸ்திரி சொன்னார். மாட்டோம் என்றார்கள். ஏன் என்று கேட்டார். மெமோ குடு, சொல்றோம் என்றார்கள்.

தேவராஜன் உடனே ஒன்பது மெமோ டைப் அடிக்கச் சொன்னார். எம்பார் குறுக்கே விழுந்து தடுத்தார். சஸ்பெண்ட் செய்கிறேன் என்றார் தேவராஜன். வேண்டவே வேண்டாம் என்றார் எம்பார். அபராதம், எச்சரிக்கை, டிஸ்மிஸ், எதை எடுத்தாலும் அதற்குச் சிப்பந்தி வேண்டும். தண்டிப்பதற்குக்கூட அவர்களை முதலில் ஆட்களாக்க வேண்டியிருந்தது. தலைவர் சுப்பராம நாயுடு ஜீப்பில் வந்து இறங்கி, டப்பு வேணுமா என்று கேட்டார். பணம் வேண்டாம் என்றார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான் என்பதால் மறுபடி ஜீப்பில் ஏறிக்கொண்டார். வேறு ஆள் வாங்கலாம் என்று சுற்றுவட்டாரத்துக்கு மேஸ்திரியை அனுப்பினார்கள். சோழவரம் வரைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். போகிற இடத்துக்கெல்லாம் சேதி அவருக்கு முன்பே போயிருந்தது, தம்பி கம்பெனிக்குப் போகிறான், அக்காள் செங்கல் சூளைக்குப் போகிறாள் என்று கதவைச் சாத்தினார்கள்.

ஊர் நாற ஆரம்பித்தது. ஊர் எப்போதும் நாறிக்கொண்டுதான் இருந்தது. அந்த நாற்றத்தை ஒன்பது பேர் தலையில் தூக்கிக்கொண்டு போனதால் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. பெரிய தெருவில் புழக்கடைக் கதவுகளைத் திறக்க முடியவில்லை. பெரிய மனிதர்கள் சொம்பை எடுத்துக்கொண்டு விடியலில் ரயில்வே லைன் பக்கம் நடந்தார்கள். தலைவர் வீட்டம்மாள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். எம்பார் மூக்கில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். தேவராஜன் அறையில் அந்த சர்ட்டிபிகேட் மேல் ஈ மொய்த்தது. வாரக் கடைசியில் சுகாதாரத்துக்கான கேடயம் கொடுக்கக் கலெக்டர் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. கேடயத்துக்கு எழுதிப் போட்டவரே தேவராஜன்தான்.

கலெக்டர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், வெயில் ஏற ஏற, ஆபீஸுக்குள்ளேயே இருக்க முடியாமல் போயிற்று. ஆபீஸ் கக்கூஸும் எடுப்புக் கக்கூஸ்தான். தேவராஜன் கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் அழுத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். கிரேஸ் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நன்றாகக் கொழுத்திருந்தது. அவர் கத்தினார்.

"ஊரே செத்துக்கிட்டிருக்கு. சின்னக் குழந்தைங்க இருக்கு, நோயாளிங்க இருக்காங்க. வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, நீங்கள்லாம் மனுஷங்கதானா?"

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிரேஸ் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டு முதுகில் தட்டினாள். அவசரமே இல்லாமல் எழுந்து நின்றாள்.

"இப்ப கேட்ட பாரு சார், அதயே ஒரு காயிதத்துல எய்தி, சீல் குத்தி, ஆளுக்கு ஒண்ணு குடு. பதில் சொல்றோம்."